சேறு தீர்க்குமா நம் கடனை?

ஒருவன் பட்ட கடனை மற்றொருவன் அடைத்துவிட்டால், கடன்பட்டவனின் பொறுப்பு அத்தோடு முடிந்துவிடுகிறதா? வட்டிக்கடை வழக்கில் இதற்கு விடை எளிது. கணக்கு நேரானதும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். அறத்தின் வழக்கில் அத்துணை எளிதாக முடிவதில்லை. இந்தப் பழைய கேள்வியை நாம் இப்போது மீண்டும் எடுத்துப் பேசக் காரணமாக இருப்பது எந்த மறைநூல் விளக்கமும் அன்று; கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா.

2005-ஆம் ஆண்டில் அறிவியல் உலகம் அதற்கு ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்று பெயர் சூட்டியது. இண்டிகம் என்றால் இந்தியாவுக்குரியது என்று பொருள். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரூப் லாலும் அவருடைய மாணவர்களும், ஐதராபாத், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களின் துணையோடு, அது இதுவரை பெயர் பெறாத தனி இனம் என்று நிறுவினர். அதன் சிறப்பு அது உண்ணும் உணவில் இருக்கிறது. பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லியை அது சிதைக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'கமாக்சின்' என்று சொல்வார்களே, அந்தப் பொடிதான்.

காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்து இன்று அறுபதைக் கடந்திருப்பவர்களுக்கு அந்தப் பொடியின் வாடையை விளக்கவேண்டியதில்லை. வயலுக்குத் தூவியதும் அதுவே. மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலின் இடுக்கில் இட்டதும், எறும்புக்கு வாசற்படியில் கோடு கிழித்ததும் அதுவே. 1960–61-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியபோது, நாடு முழுவதிலும் முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' என்று நம் மக்கள் அதை அழைத்தனர். விதை, உரம், மருந்து, கடன் என்று எல்லாம் ஒரே கட்டாக வந்தன. ஆடுதுறை 27 வந்தது, பின்னர் ஐ.ஆர். 8 வந்தது. உரம் கண்ட பயிர் கருகருவென்று வளர்ந்தது. வளர்ந்த பயிரைத் தேடிப் பூச்சியும் வந்தது. புகையான், தண்டுத் துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு என்று அன்று புதிதாகப் பழகிய பெயர்கள் இன்றும் மறையவில்லை. விடியற்காலையில் பனி காயுமுன், மெல்லிய துணியில் பொடியைக் கட்டி, வரப்பில் நடந்தபடி தட்டித் தட்டித் தூவியவர்கள் பெரும்பாலும் நிலத்துக்கு உடையவர்கள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள். கையுறை, முகமூடி என்னும் சொற்களே அன்று வயலுக்கு வந்திருக்கவில்லை.

இந்தப் பொருளை 1825-இல் முதன்முதலாக ஆக்கியவர் மைக்கேல் ஃபாரடே. பென்சீனோடு குளோரினைச் சேர்த்து வெயிலில் வைத்துப் பார்த்தார். அது பூச்சியைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியாது. வேறு எவருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் அதன் கொல்லும் ஆற்றல் வெளிப்பட்டது. ஆறு கரிம அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்க, ஒவ்வொன்றின் மீதும் ஒரு குளோரின் அணு அமர்ந்திருக்கும் அமைப்பு அது. அந்தக் குளோரின்கள் மேல்நோக்கி இருக்கின்றனவா, கீழ்நோக்கி இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து ஒரே பொருள் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா எனப் பல வடிவங்கள் எடுக்கிறது. அவற்றுள் பூச்சியைக் கொல்வது காமா மட்டுமே. ஆலையில் கிடைக்கும் கலவையில் காமா 10 முதல் 15 சதவீதமே இருக்கும். மற்றவை பூச்சிக்கும் உதவாதவை, மண்ணுக்கும் உதவாதவை. பயனற்ற அந்தப் பெரும்பகுதியையும் சேர்த்தே நாம் தூவினோம். காமாவை மட்டும் பிரித்தெடுத்தால் அதற்கு லிண்டேன் என்று பெயர். ஒரு டன் லிண்டேன் எடுத்தால் 8 முதல் 12 டன் வரை கழிவு மிஞ்சும். அந்தக் கழிவு எங்கே போயிற்று என்பதற்குப் பின்னால் வருவோம்.

வயற்சேறு நஞ்சை முறிக்கும் என்பதை உலகுக்குக் காட்டியதில் நம் நாட்டவர் பங்கு பெரிது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், இரகு என்னும் ஆய்வாளரும் மக்ரே என்பவரும் 1966-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். நீர் கட்டிய வயல் மண்ணில் காமா பி.எச்.சி.யை இட்டுவைத்தால் அது நாளடைவில் மறைந்துபோகிறது. அதே மண்ணை வேகவைத்து உயிரற்றதாக்கிவிட்டு இட்டால் நஞ்சு அப்படியே நிற்கிறது. ஆகவே நஞ்சைத் தின்பது மண்ணில் வாழும் உயிர்தான் என்பது தெளிவாயிற்று. காற்றுப் புகாத சேறு, உழவன் காலால் மிதித்துப் பிசைந்த அந்தச் சேறு, வேதியியல் தெரியாமலே வேதியியல் செய்துகொண்டிருந்தது.

அதே நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்குப்பின் சேதுநாதன் என்னும் இந்திய அறிஞருக்கு வேறொரு புதிர் எதிர்ப்பட்டது. புகையானுக்காக வயலில் இட்ட டயசினான் என்னும் மருந்து முதலில் நன்றாக வேலை செய்தது. மீண்டும் மீண்டும் இட்ட வயல்களில் பின்னர் பலனளிக்கவில்லை. பூச்சிதான் பழகிவிட்டது என்று எவரும் நினைப்பது இயல்பு. அவர் தேங்கிய நீரைப் பார்த்தார். முன்பு மருந்து கண்ட வயலின் நீரில் டயசினான் விரைந்து அழிந்தது. மருந்து காணாத வயலின் நீரில் அப்படி அழியவில்லை. பழகியது நீர், நீரில் வாழ்ந்த பாக்டீரியா. யோஷிடா என்னும் ஜப்பானியரோடு சேர்ந்து அவர் அதைத் தனியே பிரித்தெடுத்து 1973-இல் அறிவித்தார். அன்று ஃபிளாவோபாக்டீரியம் என்னும் குலத்தில் சேர்க்கப்பட்ட அது, பல ஆண்டுகள் கழித்து மறுஆய்வு செய்யப்பட்டு ஸ்பிங்கோபியம் குலத்துக்கு மாற்றப்பட்டது. சேதுநாதன் பின்னர் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அங்கே அவரும் உடனாய்வாளர்களும், பி.எச்.சி. பலமுறை இடப்பட்ட மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, ஆல்பா, பீட்டா, காமா மூன்றையும் அது சிதைக்கிறது என்று 1990-இல் எழுதினர். அந்தக் கட்டாக் மண்ணின் வழித்தோன்றலே பதினைந்து ஆண்டுகள் கழித்து இண்டிகம் என்று பெயர் பெற்றது.

ஏன் பதினைந்து ஆண்டுகள்? ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பது வேறு. அது புதிய இனம் என்று மெய்ப்பிப்பது வேறு. யானையையும் குதிரையையும் வேறுபடுத்த நமக்குக் கண் போதும். பாக்டீரியாக்களோ உருண்டை, கோல், சுருள் என்னும் சில உருவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டு கோல்கள் ஒன்றா வேறா என்று உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே ஆய்வாளர் அவற்றின் மரபுப்பொருளைப் படிக்கிறார். உயிர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு பகுதியை, கார்ல் வூஸ் என்னும் அமெரிக்கர் 1977-இல் காட்டிய வழியில், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எந்தக் குடும்பம் என்று முதலில் பார்க்கிறார். குடும்பம் தெரிந்தபின், நெருங்கிய உறவினரின் டி.என்.ஏ.வையும் இதன் டி.என்.ஏ.வையும் சூடாக்கி இழைகளைப் பிரித்துக் கலந்து, ஆறும்போது எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று அளக்கிறார். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேற்றினம். (இன்று முழு மரபுத்தொகுதியையும் கணிப்பொறியில் ஒப்பிட்டே இதைக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.) அதன்பின் எதை உண்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது, உடற்சுவரில் என்ன கொழுப்பு இருக்கிறது என்று நீண்ட பட்டியல். கடைசியாக, வாழும் மாதிரியை இரு வேறு நாடுகளின் காப்பகங்களில் ஒப்படைத்தாக வேண்டும். சந்தேகப்படும் எவரும் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். இண்டிகம் சண்டிகரிலும், செக் நாட்டின் பிர்னோ நகரிலும் வைக்கப்பட்டது. சாட்சி கேட்டால் சாட்சியையே முன்னிறுத்தும் இந்த ஒழுங்கை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படி ஒப்பிட்டபோது வெளிப்பட்ட செய்திதான் நம் சிந்தனைக்கு உரியது. இதே நஞ்சை உண்ணும் பாக்டீரியா ஜப்பானிலும் முன்பே கிடைத்திருந்தது, பிரான்சிலும் கிடைத்திருந்தது. மூன்றும் ஒரே இனம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். 2005-இல் அவை மூன்று தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. ஜப்பானியது ஸ்பிங்கோபியம் ஜப்பானிக்கம் ஆயிற்று. பிரெஞ்சு மண்ணினது ஸ்பிங்கோபியம் ஃப்ராங்கென்சே ஆயிற்று. உடல் வேறு, மரபு வேறு. ஆனால் நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. அந்த மரபணுக்கள் ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குத் தாவும் தன்மை உடையவை. தாய் மகளுக்குச் சொல்வதுபோல் மட்டுமன்றி, அடுத்த வீட்டாருக்குச் சொல்வதுபோலவும் பாக்டீரியாக்கள் தமக்குள் இதைக் கைமாற்றிக்கொண்டன. மனிதன் இந்த நஞ்சை வயலில் கொட்டத் தொடங்கியது 1940-களில்தான். அரை நூற்றாண்டுக்குள் மூன்று நாட்டு மண்ணும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறது. பள்ளியைத் திறந்தவர்கள் நாம். எந்த வயலில் அதிகம் கொட்டினோமோ அந்த வயலே சிறந்த மாணவனைத் தந்தது.

இதைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் இரண்டு குரல்கள் எழக்கூடும். அவற்றுள் ஒன்று பக்தியின் குரல். "பார்த்தீர்களா, படைத்தவர் மருந்தையும் முன்கூட்டியே வைத்திருக்கிறார்" என்று அது சொல்லும். மற்றொன்று வசதியின் குரல். "அப்படியானால் கவலையில்லை, நாம் செய்வதைச் செய்துகொண்டிருக்கலாம்" என்று அது சொல்லும். முதற்குரலை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதற்குரல் பேசி முடிக்கும் முன்பே இரண்டாவது குரல் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது என்பதுதான் நம் அச்சம். மருந்துண்டு என்பது நோயை வரவழைப்பதற்கு உரிமம் ஆகாது. மேலும், இங்கே மருந்து முழுமையானதும் அன்று.

பீட்டா வடிவத்தைப் பாருங்கள். அதன் குளோரின்கள் இறுக்கமாகப் பொருந்தியவை. எளிதில் கழன்று வருவதில்லை. இண்டிகம் அதைத் தொட்டு ஒன்றிரண்டு குளோரினைக் கழற்றி வேறொரு பொருளாக்கிவிட்டு, அத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உருமாறிய பொருள் மண்ணிலேயே கிடக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: பாக்டீரியாவுக்கு எட்டும் இடத்தில் நஞ்சு இருந்தால்தானே அது தின்னும்? ஜப்பானின் எகிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் சேர்ந்து, கொள்ளிடத்துக்குச் சற்று வடக்கே, வெள்ளாற்றங்கரை நெல்வயலில் பி.எச்.சி.யை இட்டு அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தனர். 1991-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. நம் வெயிலில் அதன் மிகப்பெரும் பகுதி ஆவியாகிக் காற்றில் ஏறிவிட்டது. காற்றில் ஏறியது குளிர்ந்த இடம் தேடிப் படிகிறது. பனி சூழ்ந்த வடதுருவக் கடலின் நீரில் பி.எச்.சி. கிடைப்பதற்கு இதுவே காரணம். அங்கே எவரும் நெல் நடவில்லை. அதே குழுவினர் 1990-இல் தென்னிந்தியத் தாய்மாரின் பாலையும் ஆராய்ந்து எழுதினர். பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் அதில் இருந்தன. சேற்றின் பாக்டீரியா துருவக் கடலுக்குப் போவதில்லை. தாயின் மார்புக்கும் போவதில்லை.

இந்திய அரசு 1997-இல் பி.எச்.சி.யைத் தடை செய்தது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஆல்பா, பீட்டா, லிண்டேன் மூன்றையும் உலக அளவிலான விலக்குப் பட்டியலில் சேர்த்தது. லிண்டேனின் உற்பத்தியை 2011-இலும் பயன்பாட்டை 2013-இலும் நம் நாடு நிறுத்தியது. தடை நல்லது. ஆனால் தடை நாளையைக் காக்கும், நேற்றைத் திருத்தாது.

இங்கேதான் கடன் பற்றிய கேள்வி வருகிறது. இதில் குற்றவாளி யார் என்று தேடினால் நம் கை வெறுங்கையாகத் திரும்பும். 1965-66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்ற காலம் அது. நெல்லைப் பெருக்கச் சொன்ன அதிகாரி பசியைத் தீர்க்கவே சொன்னார். மருந்தைச் சிபாரிசு செய்த வேளாண் அலுவலர் தம் பாடப்புத்தகத்தில் இருந்ததையே சொன்னார். உழவர் கடன் வாங்கி இட்டார். கூலியாள் சொன்னதைத் தூவினார். தீய நோக்கம் எங்கும் இல்லை. தீய நோக்கம் இல்லாவிடில் பாவமும் இல்லை. பாவம் இல்லாவிடில் பரிகாரமும் தேவையில்லை என்று முடித்துவிடலாமா?

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தவர்களுக்கு ஈடுசெய்தல் பற்றிய பாடம் நினைவிருக்கும். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பில்' அதை நீதியின் கீழ் வைத்தாரேயன்றி இரக்கத்தின் கீழ் வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை இரண்டு வேர்களிலிருந்து வரக்கூடும் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பிறர் பொருளை அநீதியாக எடுத்ததால் வருவது ஒன்று. பிறர் பொருள் நம் கையில் இருப்பதாலேயே வருவது மற்றொன்று. திருட்டு மாடு என்று தெரியாமல் நல்ல மனத்தோடு சந்தையில் வாங்கியவன் திருடன் அல்லன். எனினும் உடையவன் வந்து அடையாளம் சொன்னால் மாட்டை அவிழ்த்துக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். "நான் திருடவில்லையே" என்பது அவனைச் சிறையிலிருந்து காக்கும். மாட்டை அவனுக்கு உரியதாக்காது.

நாம் அந்த இரண்டாம் வகைக் கடனாளிகள் என்பது எமது துணிபு. நம் கையில் இருக்கும் மாடு எது? நிறைந்த களஞ்சியம். அந்த நெல்லைத் தின்று வளர்ந்த தலைமுறை நாம். அந்த விளைச்சலில் கல்லூரிக்குப் போனோம், வீடு கட்டினோம், கோயில்களுக்குக் கொடிமரமும் மணிக்கூண்டும் எழுப்பினோம். விலையின் ஒரு பகுதியை உரக்கடையில் கொடுத்துவிட்டோம். மற்றொரு பகுதியைப் பொடியைச் சுவாசித்தவர்களும், குளத்து மீனும், தாயின் பாலைப் பருகிய பிள்ளைகளும் கொடுத்தார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை. எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே இந்தக் கடனை ஒப்புக்கொள்ள முடியும் என்பதுதான் அந்தப் பழைய பாடத்தின் பயன். குற்ற உணர்வைக் கிளப்பி ஒருவரை ஒருவர் சாடுவதில் நமக்கு விருப்பமில்லை; அதில் பெரும்பாலும் அலுவலரும் உழவரும் அடிபடுவார்கள், ஆதாயம் அடைந்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதும் இதற்குப் புறம்பானதன்று. மன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவம் விளைத்த சீர்கேடுகள் அனைத்தையும் அது தானாகவே சரிசெய்துவிடுவதில்லை. அயலானுக்கு இழைத்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும் என்று மறைக்கல்வி ஏடு வற்புறுத்துகிறது. இறைவனின் மன்னிப்பே நம் கடமையை நீக்கிவிடவில்லை என்றால், ஒரு பாக்டீரியாவின் பசி நீக்கிவிடுமா? அது பசிதான், கருணை அன்று. காமாவிலுள்ள கரிமம் அதற்குச் சோறு. நமக்காக அது எதையும் செய்யவில்லை. அதன் உழைப்பை நம் பரிகாரக் கணக்கில் வரவு வைப்பது, அடுத்த வீட்டுப் பிள்ளை கூட்டிய வாசலைக் காட்டி, 'நான் கூட்டினேன்' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நமக்காக வேலை செய்ய வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ரூப் லால் குழுவினர் இண்டிகத்தை வளர்த்து, நஞ்சுற்ற மண்ணில் கலந்து சோதித்தபோது பி.எச்.சி. விரைந்து குறைந்ததைக் கண்டனர். அதைக் கடன் தீர்க்கும் கருவி என்போம். மண்வெட்டி வாய்க்காலை வெட்டுகிறது. ஆனால் வாய்க்கால் வெட்டும் முறை மண்வெட்டியினுடையதன்று, அந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சும் ஊராருடையது. உயிருள்ள கருவி எவருக்குச் சொந்தம் என்னும் வழக்கும் உண்டு. எண்ணெயைச் சிதைக்கும்படி தாம் மாற்றியமைத்த பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கேட்டார் வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் வேறுபாட்டில் அதை ஏற்றது. இண்டிகத்தை எவரும் அப்படி மாற்றியமைக்கவில்லை. எனினும் நம் நஞ்சு இல்லாதிருந்தால் அது இன்றுள்ள வடிவில் இருந்திருக்குமா என்பது ஐயமே. முற்றிலும் நம் படைப்பும் அன்று, நம் கை படாததும் அன்று. இத்தகைய உயிரை எந்தப் பெட்டியில் வைப்பது என்று மெய்யியலார் இனித்தான் யோசிக்க வேண்டும். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

முன்னே கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம்: லிண்டேன் ஆலைகளின் கழிவு எங்கே போயிற்று? ஒரு பகுதி, லக்னோவுக்கு அருகே சின்ஹட் பக்கமுள்ள உம்மாரி என்னும் சிற்றூரின் வெளியில் குவிந்தது. பாக்டீரியா தேடிய ஆய்வாளர்கள் அந்தக் குவியலுக்குப் போனார்கள். எங்கே நஞ்சு மிகுதியோ அங்கே மாணவர்களும் மிகுதி அல்லவா? அங்கிருந்து புதிய இனங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. 2009-இல் ஒன்றுக்கு ஸ்பிங்கோபியம் சின்ஹடென்சே என்றும் மற்றொன்றுக்கு ஸ்பிங்கோபியம் உம்மாரியென்சே என்றும் பெயரிட்டார்கள். பின்னொன்றுக்குக் குப்பைமேட்டினது என்று பொருள்படும் இலத்தீன் பெயரே வைத்தார்கள். மாமன்னர்களின் தலைநகரங்களுக்கும் எளிதில் கிட்டாத இடம், உலக உயிரினப் பட்டியலில் நிலையான ஓர் இடம், ஒரு குக்கிராமத்துக்குக் கிட்டியது. நஞ்சு கொட்டப்பட்ட ஊர் என்பதால் கிட்டியது.

தொடக்கநூலில் ஆதாம் உயிர்களுக்குப் பெயரிடும் காட்சியை நாம் அறிவோம். அதை ஆட்சியின் அடையாளம் என்று பலர் விளக்கினர். அவற்றுக்குப் பெயரிடும் முன்பே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அங்கே வைக்கப்பட்டான் என்பதை அந்த விளக்கம் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறது. காவல்காரன் இடும் பெயருக்கும் உடைமையாளன் இடும் பெயருக்கும் வேறுபாடு உண்டு. உடைமையாளன் தன் பெயரைப் பொறிக்கிறான். காவல்காரன் எங்கே என்ன நடந்தது என்பதை மறவாதபடி குறித்து வைக்கிறான். உம்மாரியென்சே என்னும் பெயரைச் சூட்டியவர்கள் அறிந்தோ அறியாமலோ இரண்டாவதைச் செய்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' மடலில் சூழலியல் கடன் என்னும் சொல்லை ஆண்டார். நாடுகளுக்கு இடையிலான கடனையே அவர் முதன்மையாகக் கருதினார். ஊர்களுக்கு இடையிலும், ஒரே ஊரின் தெருக்களுக்கு இடையிலும் அந்தக் கடன் உண்டு.

நம் படுகைக்கு அப்படிப்பட்ட குறிப்பேடு இருக்கிறதா? எந்த ஊர்க் கிடங்கில் பொடி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன? 1997-இல் தடை வந்தபோது விற்காமல் மிஞ்சியவை என்னவாயின? குழி தோண்டிப் புதைத்தார்களா, குளத்தங்கரையில் கொட்டினார்களா, வாய்க்காலில் விட்டார்களா? காலி டப்பாக்களில் தண்ணீர் மொண்டவர்கள் எத்தனை பேர்? எந்தக் குளத்தில் எந்த ஆண்டு மீன் செத்து மிதந்தது? இவை அரசு ஆவணங்களில் தேடிக் கிடைப்பவை அல்ல. அன்று துணியில் பொடி கட்டித் தட்டியவர்களின் நினைவில் மட்டுமே இருப்பவை. அவர்களுக்கு இன்று வயது எழுபதுக்கு மேல். அவர்களுள் பலர் நம் ஞாயிறு திருப்பலிக்குப் பின்வரிசையில் வந்து அமர்கிறவர்கள். எவரும் அவர்களிடம் இதைக் கேட்டதில்லை, கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள்.

ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் இருக்கும் முதியவர்களிடம் போய், ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் இவற்றை எழுதி வாங்கலாம். ஆண்டு, வயல், குளம், கிடங்கு, தூவியவர்களுக்கு வந்த நோய் என்று ஐந்தாறு பத்திகள் கோடிட்டால் போதும். கல்லூரி மாணவர் இருக்கும் வீட்டில் அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். எழுதியதை மாவட்ட வேளாண் அலுவலரிடமோ, தஞ்சையிலும் திருச்சியிலும் உள்ள கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறையிலோ கொடுத்து, குறித்த இடங்களின் மண்ணையும் குளத்து வண்டலையும் சோதிக்கும்படி கேட்கலாம். நஞ்சு எஞ்சியிருந்தால் அதைச் சிதைக்கும் உயிரும் அந்த வண்டலிலேயே இருக்கக்கூடும். அதைப் பிரித்தெடுக்க அவர்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் தோண்டுவது என்பதை நாம்தான் சொல்லவேண்டும். வயலில் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும் சில வாரங்கள் இதற்கு ஏற்றவை.